பாதி விலைப் பனி ஓட்டல்

ஸ்வீடனிலிருந்து திரும்பிய ஏலக்காய் வியாபாரி விஜயபாண்டி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் போடியிலிருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குள் கொதித்துக்கொண்டு நுழைந்தார்.

“டேய் இனியவா! சுவரு, கட்டிலு, டம்ளரு எல்லாமே பனிக்கட்டின்னியே. போய்ப் பாத்தா ஆத்தங்கரையில வெறும் பொட்டல்! ஓட்டலு எங்கடா? கம்பளிக் கோட்டோட வேர்த்து நின்ன எம் பொண்டாட்டி இன்னும் எங்கூடப் பேசலடா!”

“அண்ணே, ஜனவரிக்கு முழு விலைன்னேன். நீங்க பாதிக்குக் கேட்டீங்க. ‘பாதிக்குன்னா மே மாசம், ஆனா...’ன்னு இழுத்தேன். நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்ன விலைக்கு எதையும் வாங்கியறியாத விஜயபாண்டி முறைத்தார்.

“ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம், பாதி விலைக்குப் போடுன்னேன். அதுக்கென்ன இப்ப?”

“அங்க ஆத்துல காலை நனைச்சீங்களா?”

“நனைச்சேன். வெறும் ஐஸ் தண்ணி!”

“அதுதாண்ணே உங்க ரூமு.”