சார்னியின் நாள்

அப்பா விட்டுப்போன வயலை இனியும் கூறுபோடச் சட்டம் விடவில்லை. அதனால் ஜாவாவின் ஐந்து நாள் சந்தை வாரத்தில் ஆளுக்கொரு நாளாகப் பிள்ளைகள் ஐவரும் பிரித்துக்கொண்டார்கள். அடுத்தவர் நாளில் வயலில் கால்வைத்தால் வரப்பில் நட்டிருக்கும் கண்காணிப்புக் கருவிக் கம்பம் கண்டுபிடித்துவிடும். சொந்த நாளும் பறிபோகும்.

வாய்க்கால் கரை உடைந்தது தங்கை சார்னியின் நாளில். அவளோ மலேசியாவில் வீட்டுவேலையில் இருந்தாள்.

"நான்தானே சொல்றேன், இறங்கி அடைச்சிடுண்ணா," என்று போனில் அழுதாள்.

"நீ சொல்றது கம்பத்துக்குக் கேக்காதும்மா," என்றான் வாகிமான். உடைப்பு பத்தடி தள்ளித்தான். மண்வெட்டியோடு பாதையிலேயே நின்று, கதிர்கள் முங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே நாள் பிறப்பது அந்தியில். வெளிச்சம் மங்கியதும் கம்பம் பச்சை விளக்கைக் காட்டி, "வாங்க வாகிமான், வயல் இப்போ உங்களுது," என்றது.

கரையும் உடைப்பும் மூழ்கிப்போன இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவனுக்கு, மண்வெட்டியை எங்கே போடுவதென்று தெரியவில்லை.