தள்ளிப்போன நாற்காலிகள்

மருந்துக் கம்பெனியின் கூட்ட அறையில், கண்ணாடி மேசைமேல் காலை வெயில் படுத்துக் கிடக்கிறது. காசநோய்க்கான புது மருந்து ஆராய்ச்சியை நிறுத்தி லேபை மூடிவிடலாம் என்று நிதிப் பொறுப்பாளர் சொல்லி முடிக்கிறார். "இல்லாதப்பட்டவங்களுக்கு வர்ற நோய். நமக்கெதுக்கு இந்தத் தலைவலி?" சேர்மன் தலையாட்டுகிறார். கம்பெனியை நடத்தும் டாக்டர், பாதி ஆயுளைக் காசநோய் வார்டில் கழித்தவர், முன்னாலிருக்கும் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். நிதிப் பொறுப்பாளர் இருமுகிறார். கைக்குட்டைக்குள் அடக்கப் பார்த்தும் அடங்காமல் அடிநெஞ்சிலிருந்து கிளம்பும் ஈர இருமல். நாற்காலிச் சக்கரங்கள் ஓசையில்லாமல் பின்னால் உருள்கின்றன. ஒருவர் தன் தண்ணீர் டம்ளரை உள்ளங்கையால் மூடுகிறார். சேர்மன் போனைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு நாற்காலி மட்டும் முன்னால் உருள்கிறது. டாக்டர் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, வார்டுப் பழக்கத்தில், இருமல் தன் பக்கம் வராதபடி காற்றுக்கு முதுகைக் கொடுத்து, இருமுகிறவர் பக்கத்தில் உட்காருகிறார்.

"ஏசி ஓடுது டாக்டர்" என்கிறார் சேர்மன்.

"ஓடட்டும். இல்லாதப்பட்டவங்க நோய்தானே? நீங்கள்லாம் எதுக்கு அவ்வளவு தூரம் போனீங்க?"

திறந்த ஜன்னல் வழியே தெருவின் இரைச்சல் உள்ளே வந்து உட்காருகிறது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நாளா இருமுறீங்க?" என்று கேட்கிறார்.

"ஒரு மாசம் இருக்கும்."

"நாளைக்குக் காலையில எழுந்ததும் வர்ற சளியை எடுத்துக்கிட்டு நம்ம லேபுக்கு வாங்க."

அவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலே முனகுகிறார். "அதைத்தானே மூடச் சொன்னேன்."

"சொன்னீங்க. நீங்க வாங்க, திறந்துதான் இருக்கும்."