எடுத்தவர் பெயர்

முதலில் வம்பை ஆரம்பித்தது நூலகர் ஜெயஸ்ரீதான். போன வருடம் பாலு நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, "சார், கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க" என்று சொல்லிவிட்டாள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். ஹாலே சிரித்தது.

அதை அவர் மறக்கவில்லை. இன்று சைதாப்பேட்டையிலிருந்து அடையாறுக்குப் பஸ் ஏறியதே சண்டைக்குத்தான்.

"இன்னா மேடம், என் புக்கு இன்னாச்சு?"

"இன்னும் திரும்பி வரலை சார். வரிசையில நீங்கதான் முதல் ஆள்."

"பன்னெண்டு நாளா முதல் ஆளாவே கீறேன். இன்னும் ஒம்போது நாள்ல வயர்மேன் பரீட்சை. முப்பது வருசம் வேலை செஞ்சிட்டு, லைசென்ஸ் இல்லாம இன்னொருத்தன் கையெழுத்துக்கு நிக்கிறேன். ஐம்பத்தெட்டு வயசாவுது. இந்த வாட்டி விட்டா அவ்ளோதான்."

"பிடிஎஃப் உங்க போன்லயே இருக்கே சார்?"

பாலு போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீயே பாரும்மா. எறும்பு ஊர்ற மாதிரி கீது. பெருசாக்குனா பாதி வரி வெளில ஓடிடுது. இழுத்து இழுத்து விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

"அதுக்குத்தான் இபப்னு இன்னொரு வகை மின்நூல் கேட்டிருக்கீங்க. அதுல எழுத்தைப் பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கும். ஆனா அது நம்மகிட்ட ஒரு பிரதிதான் சார். எடுத்தவங்க இருபத்தோரு நாள் வெச்சுக்கலாம்."

"அப்போ பரீட்சை அன்னிக்குத்தான் வரும். சரி, ஆடியோ குடு. காதுல கேட்டுக்கிறேன்."

ஜெயஸ்ரீ கம்ப்யூட்டரைத் தட்டினாள். "அதுவும் ஒண்ணுதான். அதையும் அதே கார்டுல எடுத்திருக்காங்க."

"ஒரே ஆளா? கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணா? யாரு அது, பேரைச் சொல்லு."

அவள் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். சட்டென்று அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சார், உள்ள வாங்க. தனியாப் பேசலாம்."

"தனியா எதுக்கு? நாலு பேர் முன்னாடி சொல்லு."

பேப்பர் மேஜையில் உட்கார்ந்திருந்த பென்ஷன்காரர் முத்துகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லிடுங்கோ மேடம். அந்த மகானுபாவர் யாருன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

"வாசகர் பேரை வெளியில சொல்லக் கூடாது சார்."

"உனக்கு வேண்டப்பட்டவனா?" பாலுவின் குரல் ஏறியது. "திருடன்மா அவன். ஒருத்தன் பொழப்பு போவுதேன்னு நெனப்பு இல்லாம ரெண்டையும் அமுக்கி வெச்சிக்கினு கீறான். வெட்கம் மானம்னு அவனுக்கு வீட்டுல எதுனா சொல்லிக் குடுத்திருப்பாங்களா?"

ஜெயஸ்ரீக்கு முகம் சுண்டிவிட்டது. "போதும் சார். அப்படியெல்லாம் பேசாதீங்க."

"அவனைச் சொன்னா உனக்கு இன்னா குத்துது? பேப்பர் குடு. உன் மேல மாவட்ட அலுவலருக்குப் புகார் எழுதப் போறேன்."

கொடுத்தாள். பாலு பேனாவைப் பிடித்தார். படிப்பதைவிட எழுதுவது அவருக்குப் பெரும் பாடு. பேப்பரை அவள் பக்கமே தள்ளினார்.

"நான் சொல்றேன், நீ எழுது."

"என் மேல புகாரை நானே எழுதணுமா?"

"ஏன், பயமா கீதா?"

அவள் எழுதினாள்.

"திருடன்னு போட்டியா?"

"போட்டேன் சார்."

"வெட்கம் கெட்டவன்?"

"அதுவும் போட்டாச்சு."

"நூலகரும் அதுக்கு உடந்தைன்னு போடு."

முத்துகிருஷ்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜெயஸ்ரீ அதையும் எழுதினாள். பாலு கையெழுத்துப் போட்டதும், இன்னொரு தாளில் மளமளவென்று என்னவோ எழுதி, இரண்டையும் கவரில் போட்டு நீட்டினாள்.

"முகவரி எழுதிட்டேன். ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்."

பஸ் ஸ்டாப்பில் பாலுவுக்குச் சந்தேகம் வந்தது. தன் மேல் போடும் புகாரை எவளாவது ஒழுங்காக எழுதுவாளா? கவரைப் பிரித்தார்.

முதல் தாளில் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. ஒரு வசவுகூடக் குறையவில்லை.

இரண்டாவது தாளில் ஒவ்வொரு எழுத்தும் சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. கண்ணைச் சுருக்காமலே படிக்க முடிந்தது.

'சார், இபப், ஆடியோ இரண்டும் உங்கள் மனைவி ஜானு அம்மாவின் கார்டில்தான் இருக்கின்றன. அவர் போனைத் திறந்தால் இன்றைக்கே படிக்கலாம். இது இங்கே யாருக்கும் தெரியாது. பரீட்சையை நன்றாக எழுதுங்கள்.'

பாலுவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன், வேறு எவனும் முந்திக்கொள்ளக் கூடாது என்று ஜானு பேரிலும் ஒரு கார்டு போட்டவர் அவர்தான். எது எதற்கென்று தெரியாமல், புத்தகத்துக்குக் கீழே இருந்த மூன்று பொத்தானையும் அவள் போனில் அழுத்தியதும் அவர் விரல்தான். முதலில் திறந்தது பிடிஎஃப். எறும்பைப் பார்த்ததும் அந்த போனை மூடி வைத்துவிட்டு, தன் போனில் வரிசைக்குப் பேர் கொடுத்தார்.

சைதாப்பேட்டை பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, புகாரைக் கிழிக்கப் போனவர், கிழிக்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திருடன் விஷயம் தீர்ந்துவிட்டது, சரி. ஹாலே சிரிக்கும்படி பண்ணினாளே, அதற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லையே.