காதில் சொன்ன விலை

எல்வியோ திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் ஓர்னெல்லா முகத்தில் கோபத்தை ஏற்றிக்கொண்டாள்.

புருவம் நெரிந்தது. மூக்கு விடைத்தது. கழுத்திலிருந்து காதுமடல் வரை சிவப்பு ஏறியது. அந்தச் சிவப்புக்கு மட்டும் மூச்சை அடக்கிப் பழக வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் பழைய சொத்து, தேடாமலே கிடைத்தது.

இத்தாலியக் கடலோர ஊரான கியோஜாவின் மீன் ஏலத்தில் யாரும் கூவுவதில்லை. ஏலக்காரர் கஸ்தோனேயிடம் போய், அவர் காதில் விலையைச் சொல்லிவிட்டு வர வேண்டும்; எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் ஏற்றலாம். அவர் முகம் சுவர் மாதிரி இருக்கும். கடைசியில் வென்றவர் பெயரை மட்டும் சொல்வார். தோற்றவர் என்ன சொன்னார் என்பது கஸ்தோனேயோடு மண்ணுக்குள் போகும்.

கடலில் பேய்க்காற்று. ஒரே ஒரு படகுதான் கரை சேர்ந்திருந்தது, கணவாயோடு. விடிந்தால் பெரிய வெள்ளி; ஊரில் ஒரு வீட்டிலும் இறைச்சி வேகாது. கால்வாய்க்கரைச் சாப்பாட்டுக்கடைகள் அத்தனைக்கும் கணவாய் தருவதாக எல்வியோ விலை பேசி முடித்திருந்தது எல்லோருக்கும் தெரியும். விற்றுவிட்டு வாங்கப் போகிறவனுக்குப் பேரம் பேச வாய் ஏது?

ஓர்னெல்லாவுக்கும் வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். வெறும் வண்டியோடு போனால் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். போகட்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

போனாள். காதில் சொன்னாள். வந்தாள்.

எல்வியோ பின்னாலேயே போனான்.

அந்தச் சிவந்த காதுகளை அவனுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பார்த்தவைதான். அன்றும் கணவாய்தான், இதே கொட்டகைதான். கஸ்தோனேயின் காதருகே குனிந்து நிமிர்ந்தவன், அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அவ்வளவுதான். அவள் மண்டைக்குள் என்னவோ தெறித்தது. ஓடிப்போய் விலை சொன்னாள். போதாது என்று தோன்றியது. மறுபடி ஓடினாள். மறுபடியும்.

வென்றாள். அந்த விலைக்கு வாங்கிய கணவாயை ஊரில் பூனைகூடச் சீண்டவில்லை.

கோடைக்குள், அவள் நடத்திவந்த அப்பாவின் மீன்கடை கைமாறியது. வாங்கிய கை எல்வியோவுடையது. "வியாபாரத்துக்கு வாயைத் தொறக்கத் தெரிஞ்சா போதாதும்மா, மூடவும் தெரியணும்" என்று சாவியை வாங்கிக்கொண்டே புத்தி சொன்னான்.

அதன் பிறகு ஏலக்காரர் காதருகே போனாலே அவளுக்கு விலை வாயில் வரவில்லை. ஒரு கூடை நண்டுகூட எடுக்க முடியவில்லை. வாடகை வண்டியில் தெருத்தெருவாக மட்டி விற்றாள். விற்றுக்கொண்டே எல்வியோவைச் சபித்தாள்.

சபிக்கிறவர்கள் நடந்ததை ஓயாமல் அசைபோடுவார்கள். அப்படி அசைபோட்டதில் ஒருநாள் ஒரு சங்கதி பல்லில் நெருடியது. எல்வியோ அந்தக் காதுக்கு ஒரே ஒரு தடவைதான் போனான். மீதி ஓட்டமெல்லாம் அவளுடையது. தான் சொன்ன விலைமேல் தானே ஏறி நின்று விலை சொல்லியிருக்கிறாள்.

கடையை விற்றது அவன் சிரிப்பில்லை, அதைத் தாங்காத தன் தலைதான் என்று ஒப்புக்கொள்வது மீன்முள்ளை விழுங்குகிற மாதிரி இருந்தது. விழுங்கினாள். பிறகு மறுபடி ஏலத்துக்கு வந்து வேண்டுமென்றே தோற்கப் பழகினாள். ஆசைப்பட்ட மீன் எல்வியோவின் வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் சூப் குடித்துத் தூங்கப் பழகினாள். முதலில் தூக்கம் வரவில்லை. அப்புறம் வந்தது. கல்முகக்காரி என்ற பெயரும் வந்தது.

மன்னிப்பு மட்டும் வரவில்லை. அவளும் அதைக் கூப்பிடவில்லை.

இப்போது இரண்டாவது முறை போனாள், முன்னைவிடச் சிவந்து, பெட்டிகளில் இடித்துக்கொண்டு. "பழைய பேய் இறங்கிடுச்சுடா" என்று யாரோ முணுமுணுக்க, மற்ற வியாபாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். எல்வியோ ஒதுங்க முடியாது. அவனும் போனான்.

மூன்றாவது முறை போனாள். அவன் கிட்டத்தட்ட ஓடினான்.

"எல்வியோ" என்றார் கஸ்தோனே. விலையைச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தார்.

ஓர்னெல்லா கையுறையைக் கழற்றுகிற மாதிரி கோபத்தைக் கழற்றினாள். அதைப் பார்த்ததும் எல்வியோ நேரே அவளிடம் வந்தான்.

"எது வரைக்கும் போன? சொல்லு."

"நீங்க போன தூரம் போகல, முதலாளி."

அவன் சீட்டைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான். பேசிய விலைக்குக் கொடுத்தால் கடை போகும், கொடுக்காவிட்டால் பேர் போகும். பின்னால் ஒருவன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான். ஓர்னெல்லாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கடைசிப் பெட்டி வண்டியில் ஏறும்வரை நின்று பார்த்தாள்.

கொட்டகை காலியானதும் கஸ்தோனே அவளிடம் வந்தார்.

"முழங்கால் பரவாயில்லம்மா. மழை வராது."

முதல் முறையும் இரண்டாம் முறையும் அவர் காதில் அவள் கேட்டவை அவைதான். மூன்றாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. சும்மா மூச்சு விட்டுவிட்டு வந்தாள்.

கஸ்தோனே போகாமல் நின்றார். காதில் விழுந்த விலையைத்தான் வெளியே விடக்கூடாது, விலையே இல்லாததைச் சொன்னால் தொழிலுக்குப் பாவமில்லை என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு எல்வியோவும் விலை சொல்லல. எம்பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருச்சான்னு கேட்டுட்டுப் போனான்."

அந்தப் பெண்ணுக்கு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.