உப்பளம் வருவதற்குள்

"ஹேமா... இன்னுமா கோவம் தீரல?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புருஷோத்தமன் தலையைத் திருப்பிக் கேட்டார். வேனின் பின்பக்கத் திரை மூடியே இருந்தது.

வெளியே கடலூர் கடந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் பாண்டி வந்துவிடும். அதற்குள் இந்தக் கோபத்தைத் தணித்தாக வேண்டும். இல்லையென்றால் ஹேமலதா ஊருக்குள் நுழைந்ததும் வரும் உப்பளத்திலேயே இறங்கி, அண்ணன் கலைவாணன் வீட்டுக்குப் போய்விடுவாள். காலையில் அப்படித்தான் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அதற்காகத்தான் இந்தப் பயணமே. படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் வைத்த வெள்ளை வேனை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் ஏரி, மலை, கடல் என்று சுற்றல். ஆசை ஹேமலதாவுடையது. தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பரான புருஷோத்தமன் போட்டது லீவு மட்டும்தான்.

ஏற்காடு ஏரியில் படகில் போகலாம் என்றாள். "நம்ம ஊசுடு ஏரியில இல்லாத தண்ணியா?" என்றார். வால்பாறையில் மேகம் சாலைக்கே இறங்கி வந்தது. "நிறுத்துங்க, எறங்கிப் பாக்கலாம்" என்றாள். "கண்ணாடி வழியா பாத்தா தெரியாதா?" என்றார். ராமேஸ்வரத்தில், "கடலப் பாக்கவா பாண்டியிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். இன்று காலை நாகப்பட்டினம் தாண்டி வேனை நிறுத்தி, கைக்குட்டை அகல அடுப்பில் வியர்க்க வியர்க்க மீன் குழம்பு வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா வெச்சா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கரண்டி பறந்தது.

பின்னால் போய்த் திரையை இழுத்து விட்டவள்தான். அவருடைய போனும் அவளோடு போய்விட்டது. புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. ஏசி ஓடட்டும் என்று சாவியை அப்படியே விட்டுவிட்டு, வீம்புக்குத் தனியாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஏறினார். சீட் பின்னால் தள்ளியிருந்தது. கோபத்தில் இதையுமா தள்ளிவிடுவாள் என்று முனகிக்கொண்டே முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"சரி, படகுல ஏத்தியிருக்கணும். தப்புதான்."

பின்னால் போன் அடித்தது. உடனே கட். மறுபடி அடித்தது. மறுபடியும் கட்.

புருஷோத்தமன் கண்ணாடியில் திரையைப் பார்த்தார். "யாரு, உங்கண்ணனா? அதுக்குள்ள சொல்லிட்டியா?"

வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

முள்ளோடை வந்தது. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன் அப்படிப் பேசினேன் தெரியுமா? எனக்குப் படகுன்னா பயம் ஹேமா. கடலோரத்துல பொறந்துட்டு இத எப்படி வெளிய சொல்றது? மலையில எறங்கி நின்னா தல சுத்தும். நம்ம ஊர்ல இல்லாததான்னு சொல்லிட்டா யாரும் மேற்கொண்டு கேக்க மாட்டாங்க பாரு, அதான்."

திரைக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. பாதியில் அடக்கிக்கொண்ட சிரிப்பு. அவருக்குத் தெம்பு வந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்கம்மா வெச்ச கொழம்புல ஒரு நாளும் உப்பு சரியா இருந்ததில்ல. அவங்க போனப்புறம் அத ஒத்துக்க மனசு வரல. கேன்டீன் சாப்பாட்ட விட்டுட்டு மத்தியான வெயில்ல வீட்டுக்கு ஓடி வர்றேனே, எதுக்குன்னு நெனச்ச? உன் கொழம்புக்குத்தான். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் வாயத் தொறந்து சொன்னேனா? இல்ல. நான் ஒரு மரமண்ட ஹேமா."

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இவருக்கும் சாலை கலங்கலாகத் தெரிந்தது. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது குரல் உடைந்தே போயிற்று.

"உப்பளத்துல எறங்காதம்மா. நீ இல்லன்னா அந்த வீட்ல எனக்குச் சட்ட எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. அதுக்காக மட்டும் சொல்லல. நீ இல்லாம எனக்கு முடியாது, அவ்ளோதான். எறங்கறதா இருந்தா சொல்லு, நிறுத்தறேன். இல்லன்னா பேசாம இரு."

உப்பளம் திரும்பும் இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். ஒரு சத்தமும் இல்லை. கோட்டையைப் பிடித்தவர் போல நெல்லித்தோப்புப் பக்கம் வேனைத் திருப்பினார்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். "பாத்து எறங்கும்மா."

திரை விலகியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஒரு பெண் இறங்கினாள். அவளை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

"மன்னிச்சிடுங்க சார். அந்த டீக்கடையில ஒரே வாடகைக் கம்பெனி வேன் ரெண்டு நின்னுச்சு. எங்க வேன்ல சாவி இருந்துச்சு, நீங்க அத எடுத்துட்டு வந்துட்டீங்க. நானும் எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டுட்டுத் திரைய மூடிப் படுத்திருந்தேன். கடலூர்ல உங்க குரலக் கேட்டதுமே கத்தலாம்னுதான் பாத்தேன்..." அவள் தயங்கினாள். "ஆனா இருபது வருஷத்துல அவரு ஒரு நாள்கூட எங்கிட்ட இப்படிப் பேசினதில்லைங்க. அதான், முழுசாக் கேட்டுட்டே சொல்லிக்கலாம்னு..."