எது சும்மா, எது காசு?

"அந்தக் குட்டி ஃபிரிட்ஜைத் திறக்காதே தம்பி! உள்ளே இருக்கிற தண்ணி பாட்டிலுக்குக்கூடக் காசு."

அக்கா போட்ட சத்தத்தில் தம்பி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். மிக்ஸி, மோட்டார் என்று மின்சாரச் சாமான்களைப் பழுது பார்க்கும் கடைக்காரன் அவன்; கையை இழுத்துக்கொள்வது பழக்கம்தான். ஆனாலும் நாற்பத்தைந்து வயதில் அக்காவிடம் அதட்டு வாங்குவது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அறையா அது! கட்டில் என்ன, சோபா என்ன, ஆள் உயரக் கண்ணாடி என்ன! கப்பல் என்றால் பெரிய சைஸ் படகு என்று நினைத்துக்கொண்டு வந்தவன், பன்னிரண்டு மாடியையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே லிஃப்ட், நீச்சல் குளம், தியேட்டர், கடைவீதி. ஓர் ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்து தண்ணீரில் விட்டிருக்கிறார்கள், சொன்னால் யார் நம்புவார்கள்?

ஐந்து நாள் பயணம். அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவன் தரும் பரிசு. அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல், வெளிநாட்டில் ஏதோ துறைமுக ஊரில் ஆபீஸ் வேலை பார்த்து, மாதம் தவறாமல் பணம் அனுப்பிப் படிக்கவைத்தாள். பத்தொன்பது வருஷம் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவள், பாவம், உலகத்தை எங்கே பார்த்தாள்? இந்த ஐந்து நாளும் அக்கா கையை விட்டு ஒரு காசு போகக் கூடாது. அதற்காகவே இரண்டு வருஷமாக வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தான்.

மேல்தளத்துக்குப் போனதுமே சீருடை போட்ட ஒரு பெண் சிரித்த முகமாக வந்து நின்றாள்.

"ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்துக்கிட்டா நாள் பூரா எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம் சார். இன்னைக்கு மட்டும் தள்ளுபடி."

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"ஒரு ரூம்ல ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தரும் எடுத்தே ஆகணும். அதை முதல்ல சொல்லும்மா. ஏன்டா, நீ குடிக்கிறதே ரெண்டு காபி. தினம் ஏழெட்டு கிளாஸ் உள்ள போனாத்தான் போட்ட காசு திரும்பக் கிடைக்கும். அவ்வளவு குடிச்சா நீ எனக்குத் திரும்பக் கிடைப்பியா?"

சீருடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"காபி வேணும்னா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போ, அங்க சும்மா. அதே காபியை இந்த பார்ல வாங்கினா காசு. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் வேற."

"எப்படிக்கா இதெல்லாம் தெரியும் உனக்கு?"

"படிச்சிருக்கேன்டா."

இன்டர்நெட்டைக் கரைத்துக் குடித்திருக்கிறாள்! தம்பி மலைத்துப் போனான்.

ஆனால் இவ்வளவு விவரம் பேசியவள், கைப்பிடிக் கம்பி ஓரம் வந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். அங்கிருந்த சாய்வு நாற்காலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல நாம உக்காரலாமா? யாரும் எழுப்பிவிட மாட்டாங்களே?"

"நல்லா கேட்டே போ! டிக்கெட் எடுத்து வந்திருக்கோம்க்கா. காலை நீட்டிப் படு!"

அவள் நுனியில்தான் உட்கார்ந்தாள். எதிரே கரையே இல்லாத கடல். சூரியன் இறங்க இறங்க, தண்ணீர் மொத்தமும் பொன்னாக மாறிக்கொண்டு வந்தது. "அடேயப்பா!" என்றாள் அக்கா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த ஒரு சாயங்காலத்துக்கே கொடுத்த காசு தகும்.

நாலாம் நாள் காலையில், அறை டிவியில் தங்கள் கணக்கைத் தட்டிப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. ஆளுக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தானாகவே ஏறியிருந்தது. இவர்களை யார் ஏற்றச் சொன்னது? அதையும் கட்டினால் கையிருப்பு பத்தாது. அக்காவிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பேச்சே கூடாது என்று நேராக வரவேற்பு மேஜைக்குப் போனான்.

"வேண்டாம்னா இதுல கையெழுத்துப் போடுங்க சார். எடுத்துடறோம்" என்று அங்கிருந்தவர் ஒரு தாளை நீட்டினார். அவ்வளவுதானா! அவன் பேனாவை வைக்கப் போனபோது, பின்னாலிருந்து ஒரு கை மணிக்கட்டைப் பிடித்தது.

"போடாதே" என்றாள் அக்கா.

"நீதானேக்கா எல்லாத்தையும் குறைக்கச் சொன்னே?"

"குடிக்கிறதைக் குறை, திங்கிறதைக் குறை. இதுல கை வைக்காதே. பத்தலைன்னா நான் போடறேன்."

அவள் கைப்பையைத் திறந்ததும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் காசு போகக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு! ரூம் சுத்தம் பண்றவருக்கும் சாப்பாடு போடறவருக்கும் என்னால முடிஞ்சதை நானே கையில கொடுத்துடறேன். போதாதா?"

"அவங்க உன் கண்ணுக்குத் தெரியறவங்க. இந்தப் பணத்துல கீழ இருக்கிறவங்களுக்கும் பங்கு உண்டு."

"கீழயா? கீழ யாருக்கா இருக்கா?"

அக்கா பேனாவை அவன் விரலிலிருந்து மெல்ல எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆபீஸாவது ஒண்ணாவது! பத்தொன்பது வருஷம் இதே மாதிரி கப்பல்ல, தண்ணி மட்டத்துக்குக் கீழ, ஜன்னலே இல்லாத சலவைக் கூடத்துல நான் இருந்தேன்டா. துவைக்க வர்ற சட்டைப் பையில கிடக்கிற பில்லைப் படிச்சுப் படிச்சுத்தான் மேல எதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். மேல ஏறி உக்காந்து கடலைப் பார்த்தது, நீ கூட்டிட்டு வந்த அன்னைக்குத்தான்."