கோட்டுக்கு இந்தப் பக்கம்

நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் அக்காவின் கன்னத்தில் வெளிச்சம் வட்டமாக விழுகிறது. கண்ணாடித் தட்டில் இருப்பவை அவளுடைய சிறுநீரகக் கட்டியின் செல்கள். நடுவில், ஆராய்ச்சிக்காரத் தங்கை நேற்றுச் செல்களை வழித்துக் கீறிவிட்ட வெற்றுக் கோடு. பரவும் குணமுள்ளவை என்றால் இந்நேரம் கோட்டைத் தாண்டியிருக்கும். பக்கத்துத் தட்டில் இருப்பவை வேறொரு நோயாளியின் செல்கள்; அவை பரவி மூடியதில் கோடு இருந்த சுவடே இல்லை. ஏன் என்றுதான் தங்கை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். "என்னோடது தாண்டலைதானேடி?" "உன்னை மாதிரியே சோம்பேறிங்க. இருந்த இடத்தை விட்டு அசையல." அக்கா சிரிக்கிறாள். கண்ணை எடுக்காமலே தங்கையின் கையைத் துழாவிப் பிடிக்கிறாள். "பக்கத்துத் தட்டுக்காரங்க யாருடி?" "தெரியாதுக்கா. எங்களுக்குப் பேர் சொல்ல மாட்டாங்க." அக்கா எழுந்து, நாற்காலியைத் தங்கையின் பக்கம் தள்ளுகிறாள். "அப்ப என்னைக் கொஞ்சினது போதும். அவங்களைப் பாரு."